பதினொரு தடவை கூப்பிட்டேன்

1997 ஆகஸ்ட் 17, ஞாயிற்றுக்கிழமை, காலை மணி பத்து இருபது. பதினொரு தடவை உன்னைக் கூப்பிட்டேன். இரண்டு தடவை திரும்பினாய்.

இதைப் படிக்கும்போது நீ வளர்ந்த ஆளாக இருப்பாய். படிப்புக்கோ வேலைக்கோ வீட்டை விட்டுக் கிளம்பும் அன்று உன் கையில் கொடுப்பதாக இருக்கிறேன். இன்றைக்கு உனக்கு மூன்று வயதும் இரண்டு மாதமும். எனக்கு இருபத்தொன்பது. இந்த வயதில் ஒருவன் மகனுக்குப் புத்தி சொல்லி நீளமாகக் கடிதம் எழுதுவது எனக்கே சிரிப்பாக இருக்கிறது. தலை நரைத்தவர்கள் செய்கிற வேலை இது. ஆனால் எனக்குப் பொறுமை கிடையாது. நரைக்கிற வரைக்கும் காத்திருந்தால் இன்று நடந்ததை என் பக்கம் சாய்த்துத் திருத்தி எழுதிவிடுவேன் என்ற பயமும் இருக்கிறது. நீ சாப்பிட்டுவிட்டுப் பாயில் தூங்குகிறாய். உன் அம்மா முதல் ஷிப்ட். மூன்றரைக்கு மில் சங்கு ஊதும், நாலு மணிக்குள் வந்துவிடுவாள். அவளிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் உட்கார்ந்து எழுதப்போகிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். இருபது வருஷம் கழித்து நான் வேறு ஆளாக மாறியிருக்கலாம். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் மெஷின்களின் மின்னணு அட்டைகளைப் பழுது பார்க்கிறேன். காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை. யாராவது சுற்றி வளைத்துப் பேசினால் எரிச்சல் வரும். 'பழுது என்ன, எப்போதிலிருந்து, கடைசியாக யார் தொட்டது' என்று மூன்று கேள்வி கேட்பேன். நாலாவது வாக்கியத்துக்கு நிற்க மாட்டேன். போன தீபாவளிக்குத் தவணையில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினேன். மில்லில் அப்போதுதான் ஒன்றிரண்டு மெஷின்களுக்குத் திரை வைக்க ஆரம்பித்திருந்தார்கள். இனிமேல் எல்லாம் இதில்தான், இதைக் கற்றுக்கொள்ளாதவன் பின்தங்கிவிடுவான் என்று உன் அம்மாவிடம் அரை மணி நேரம் பேசி அவளைச் சம்மதிக்க வைத்தேன். அது பொய் இல்லை. முதல் இரண்டு மாதம் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ப்ரோகிராம் எழுதக் கற்றேன். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற ஒருவருக்குச் சரக்குக் கணக்கு போட ஒன்று எழுதியும் கொடுத்தேன். அந்த இரண்டு மாதமும் கம்ப்யூட்டர் எனக்கு வேலை செய்தது.

பிறகு ஒரு நண்பன் பிளாப்பியில் ஒரு விளையாட்டைக் கொடுத்தான். மேலிருந்து கட்டைகள் விழும். திருப்பித் திருப்பி இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும். ஒரு வரிசை நிறைந்தால் அது மறையும், அடுத்த கட்டை விழும். அவ்வளவுதான் விளையாட்டு. ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்து, கால் கழுவி, காபியோடு உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பேன். சில நாள் சாப்பாடும் மேஜைக்கே வரும். ப்ரோகிராம் எழுதத்தான் உட்காருகிறேன் என்று தினமும் சொல்லிக்கொள்வேன். நீ என் மடியில் ஏறி உட்கார்ந்து கட்டைகள் விழுவதைப் பார்ப்பாய். அழ மாட்டாய், நச்சரிக்க மாட்டாய். அடுப்படியில் குக்கர் விசில் அடிக்கும், தெருவில் ஐஸ்காரன் மணி அடித்துக்கொண்டு போவான், நீ கண்ணை எடுக்கவே மாட்டாய். எனக்கு அதில் எம்புட்டுப் பெருமை தெரியுமா? மில்லில் டீ குடிக்கும்போது இதைத்தான் சொல்வேன். 'என் பயல் ஒரு பொருளைப் பார்த்தால் பார்த்ததுதான். இடி விழுந்தாலும் கவனம் கலையாது. அப்படியே என்னை மாதிரி.' மூன்று வயதில் நாலு சொல்தான் பேசுகிறானே என்று யாராவது கேட்டால், ஆம்பளப் பிள்ளை தாமதமாகத்தான் பேசும், என் அண்ணனும் அப்படித்தான் என்று அடித்துச் சொல்வேன். அண்ணன் எப்போது பேச ஆரம்பித்தான் என்று எனக்குத் தெரியாது. அப்போது நான் பிறக்கவே இல்லை.

போன ஞாயிறு ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். உன் அம்மாவின் அக்கா, உனக்குப் பெரியம்மா, அங்கே ஒரு பால்வாடியில் டீச்சர். வீட்டு முற்றத்தில் நீ அவள் மகளோடு மண்ணில் உட்கார்ந்திருந்தாய். பெரியம்மா கையிலிருந்து ஒரு எவர்சில்வர் தட்டு நழுவிச் சிமெண்ட் தரையில் விழுந்து சுழன்றது. அந்தப் பெண் குழந்தை துள்ளித் திரும்பியது. திண்ணையில் படுத்திருந்த பூனைகூடத் தாவி ஓடியது. நீ மண்ணைக் குவித்துக்கொண்டே இருந்தாய். பெரியம்மா தட்டை எடுத்தாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, உன் பின்னால் நின்று வேண்டுமென்றே மறுபடி போட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"தம்பி, இவனைக் காது டாக்டர்ட்ட காட்டுங்க. மதுரையில ஒருத்தர் இருக்காரு, எங்க பால்வாடிப் பிள்ள ஒண்ண அவர்ட்டதான் காட்டினோம்."

அவன் கவனமாக விளையாடுகிறான், அதனால்தான் திரும்பவில்லை என்று சொன்னேன். என் குரல் ஏறிவிட்டது.

"கவனமா இருக்க பிள்ள ஒரு தடவ திரும்பிப் பாத்துட்டு, பொறவு வெளையாடும். இவன் திரும்பவே இல்ல, தம்பி. கோவப்பட்டா ஆச்சா?"

ஆகவில்லைதான். ஆனால் எனக்குக் கோபம்தான் வந்தது. பழுது என்று சொன்னவரை நோக்கி மூன்று கேள்வி கேட்கிறவன், அன்றைக்கு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இலை போட்டிருந்தார்கள். சாப்பிடாமல் உன்னைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். உன் அம்மா பின்னாலேயே வந்தாள். பஸ் ஏறினோம். நீ ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டே வந்தாய். அந்த வாரம் முழுக்க, வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். கட்டை விழுந்துகொண்டிருக்கும் வரைக்கும் பெரியம்மா சொன்னது ஞாபகம் வராது. அதற்காகவே உட்கார்ந்தேன் என்பது இன்றைக்குத்தான் எனக்குத் தெரிகிறது. இதைக் குறித்துக்கொள். பொழுது போகாமல் ஒரு திரை முன்னால் உட்காருவது ஒரு ரகம். எதையோ நினைக்காமல் இருக்க உட்காருவது இன்னொரு ரகம். இரண்டாவதில் எழுந்திருக்கவே வராது, ஏனென்றால் எழுந்தால் அந்த விஷயம் அங்கேயே நிற்கும்.

இன்று காலை நடந்ததைச் சொல்கிறேன். நண்பனிடம் ஒரு சவுண்ட் கார்டும் ஸ்பீக்கரும் மைக்கும் இரவல் வாங்கி வந்திருந்தேன். உன் அம்மா வேலைக்குப் போன பிறகு அதை மாட்டினேன். விளையாட்டில் சத்தம் வருகிறதா என்று பார்க்க ஆசை. நீ வழக்கம்போல மடியில் இருந்தாய். கட்டைகள் விழ ஆரம்பித்தன, சத்தம் மெதுவாகத்தான் வந்தது. ஸ்பீக்கரை முழுக்கத் திருகினேன். மைக் பக்கத்திலேயே கிடந்தது. ஸ்பீக்கர் சத்தத்தை மைக் வாங்கி, திரும்ப ஸ்பீக்கருக்குக் கொடுத்து, அதையே மறுபடி வாங்கி, 'கீ' என்று ஒரு ஊளை கிளம்பியது. கல்யாண வீட்டு மைக் செட்டில் கேட்டிருப்பாய் என்று எழுத வந்தேன். கேட்டிருப்பாயா என்று தெரியவில்லை. என் பல் கூசியது. எந்த ஒயரைப் பிடுங்குவது என்று நான் தடுமாறுவதற்குள் பக்கத்து வீட்டு அக்கா கரண்டியோடு வாசலுக்கே வந்துவிட்டார். அவர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், பயந்தால் அதுதான் முதலில் வரும். "அய்யய்யோ, ஏமாயெ?" என்று, என்ன ஆச்சோ என்கிற பயத்தில் கேட்டவர், உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "என்னய்யா, வீட்டுக்குள்ளயே மில்லுச் சங்கு வச்சிட்டியா?" என்றார். நான் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த கட்டை எங்கே விழும் என்று நீ திரையையே பார்த்துக்கொண்டிருந்தாய். ஊளை இன்னும் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்ததை ஒரு மெஷினுக்குச் செய்கிற மாதிரிதான் செய்தேன். வேறு மாதிரி எனக்குத் தெரியாது. கம்ப்யூட்டரை நிறுத்தினேன். மின்விசிறியையும் நிறுத்தினேன். உன்னைத் தரையில் உட்கார வைத்து, டப்பாவும் மூடியும் கொடுத்து, என் நிழல் உன் முன்னால் விழாத பக்கமாகப் பின்னால் போய் ஆறடி தள்ளி நின்றேன். உன் பெயரைச் சாதாரணமாகச் சொன்னேன். சத்தமாகச் சொன்னேன். கை தட்டினேன். விசில் அடித்தேன். நடுவில் ஒரு தடவை திரும்பினாய். சந்தோஷத்தில் உன்னைத் தூக்க ஓடி வந்தேன். பிறகுதான் பார்த்தேன், நான் நாற்காலியை இடித்திருந்தேன், தரை அதிர்ந்திருந்தது. கடைசியாக, குக்கர் மூடியை உன் வலது காதுக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்துக் கரண்டியால் ஓங்கி அடித்தேன். நீ திரும்பினாய். என்னைப் பார்த்துச் சிரித்தாய். ஏதோ ஒன்று உள்ளே போகிறது. அந்த ஒரு அடி மட்டும்தான் இப்போது என் கையில் இருக்கும் நல்ல செய்தி.

மூன்று வருஷம் இது எப்படி வீட்டில் யாருக்கும் தெரியாமல் போனது என்று கேட்பாய். அதற்கு உன் அம்மாவின் வேலையைச் சொல்ல வேண்டும். அவள் நூல் நூற்கிற ரிங் பிரேம் பகுதியில் அறுந்த நூலை ஒட்டுகிறவள். அங்கே மெஷின் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. அதனால் அவர்கள் யாரும் கத்துவதே இல்லை. எதிரே வந்து நின்று, உதட்டை மட்டும் அசைத்துப் பேசுவார்கள். தூரத்தில் இருந்தால் கை. மணிக்கட்டைத் தட்டினால் மணி என்ன. விரல்களைக் குவித்து வாய்ப்பக்கம் கொண்டுபோனால் சாப்பாடு. கன்னத்தில் உள்ளங்கை வைத்தால் யாரோ தூங்கி வழிகிறார்கள் என்று கிண்டல். நான் மில்லில் சேர்ந்த புதிதில் அவள் பகுதிக்கு ஒரு பழுது பார்க்கப் போனேன். தொண்டை கிழிய ஏதோ கேட்டேன். அவள் மெஷினைச் சுற்றிக்கொண்டு வந்து என் முன்னால் நின்று, சிரித்துக்கொண்டே உதட்டை அசைத்தாள். எனக்குப் புரியவில்லை. வெளியே வந்த பிறகு கேட்டேன். "ஏன் அம்புட்டுச் சத்தம் போடுதிய? மூஞ்சியப் பாத்துப் பேசுங்கன்னு சொன்னேன்" என்றாள். எங்கள் கல்யாணத்துக்கு ஆரம்பம் அந்த வாக்கியம்தான்.

எட்டு மணி நேரம் அப்படிப் பேசிவிட்டு வருகிறவள் வீட்டில் மட்டும் மாறுவாளா? உன்னையும் அவள் வாய்விட்டுக் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை. எதிரே வந்து உட்காருவாள், தோளைத் தொடுவாள், புருவத்தைத் தூக்கிக் கேட்பாள், கையால் சொல்வாள். ஒன்றரை வயதில் நீ மணிக்கட்டைத் தட்டிக் காட்டினாய், நான் எப்போது வருவேன் என்று கேட்கிறாயாம். எனக்கு அது விளையாட்டாகத் தெரிந்தது. பிறகு எரிச்சலானது. 'வாயைத் திறந்து பேசு, பிள்ளையும் உன்னை மாதிரி ஊமைச் சாடை கற்றுக்கொள்கிறான்' என்று ஒரு நாள் கத்தியிருக்கிறேன். அந்தச் சாடைதான் உனக்குச் சோறும் தண்ணீரும் தூக்கமும் வாங்கிக் கொடுத்த மொழி. நீ கேட்காமல் இருப்பதை மறைத்ததும் அதே சாடைதான். சொன்னதெல்லாம் உனக்குப் புரிந்ததால், கேட்டுத்தான் புரிகிறது என்று இருந்துவிட்டோம். அவள் பக்கம் அப்படி மறைந்தது. என் பக்கம் மறைந்ததற்கு அந்தச் சாக்குக்கூட இல்லை. என் மடியில்தான் நீ இருந்தாய். நாம் இருவரும் ஒரே திசையில் பார்த்துக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான்.

இதைப் படித்துவிட்டு, கம்ப்யூட்டர்தான் கெட்டது, அந்தக் காலத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது என்று முடிவு கட்டாதே. எனக்கு அந்தப் பேச்சே ஆகாது. உன் தாத்தா, சேத்தூரில், எண்பதுகளில் ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ வைத்திருந்தார். சாயங்காலம் செய்தியும் விவசாயிகளுக்கான நிகழ்ச்சியும் கேட்பார். முடிந்ததும் டக்கென்று நிறுத்திவிடுவார். பாட்டு வருகிறது, ஒன்றே ஒன்று என்று நாங்கள் கெஞ்சினாலும் வைக்க மாட்டார். அவரை ஊரில் பெரிய கட்டுப்பாடான மனிதர் என்பார்கள். எனக்கு விஷயம் தெரியும். பேட்டரி தீர்ந்துவிடும். தீர்ந்த பேட்டரியை வெயிலில் வைத்து இன்னும் இரண்டு நாள் ஓட்டுகிற வீடு எங்களுடையது. பிறகு நான் பாலிடெக்னிக் படிக்கும்போது வீட்டுக்கு டிவி வந்தது. அது கரண்டில் ஓடும், தீராது. அதே மனிதர் அதன் முன்னால் உட்கார்ந்து, ஒரு வார்த்தைகூடப் புரியாத இந்தி நிகழ்ச்சியைக் கடைசி வரைக்கும் பார்த்தார். "என்னய்யா சொல்லுதான்?" என்று கேட்டால், "அவன் என்னமோ சொல்லுதான், நீ படி" என்பார். பம்ப்செட்டுக்குக் கரண்ட் வந்தும் அவர் டிவி முன்னாலிருந்து எழாமல், வாய்க்காலில் தண்ணீர் கரை மீறிப் போன நாளும் உண்டு. ஆளுக்குள் கட்டுப்பாடு இருக்கவில்லை. ரேடியோவுக்குள் பேட்டரி இருந்தது. பேட்டரி போனதும் கட்டுப்பாடும் போய்விட்டது. நான் அவர் மகன். என் மகன் நீ. தீராத மெஷின்கள்தான் இனி வரப்போகின்றன. அதனால் எங்கே நிறுத்துவது என்பதை மெஷின் சொல்லாது, நாம்தான் ஒரு பேட்டரியை நமக்குள் வைத்துக்கொள்ள வேண்டும்.

மில்லில் ஒரு காட்சியைத் தினமும் பார்க்கிறேன். நூல் அறுந்த பிறகும் அதைச் சுற்றுகிற இரும்புக் கதிர் சுழன்றுகொண்டே இருக்கும். மற்றக் கதிர்களைப் போலவே வேகம், அதே கரண்ட், அதே தேய்மானம். தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. நூல் மட்டும் ஏறாது, பஞ்சு வீணாக, கழிவை உறிஞ்சுகிற குழாயில் போய்க்கொண்டிருக்கும். போன ஆறு மாதம் நான் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். என்ன வேலைக்காக ஆன் செய்தேன் என்று யாராவது கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது. மில்லில் ஒரு மெஷினை நிறுத்தினால் ஏன் நிறுத்தினாய் என்று காரணம் எழுதச் சொல்வார்கள். வீட்டில் தலைகீழாகச் செய்ய வேண்டும் என்று தோன்றுகிறது. ஏன் ஓட்டுகிறாய் என்பதற்குக் காரணம் வேண்டும். காரணம் முடிந்ததா, நிறுத்து. விளையாட்டுக்கு என்றால் விளையாட்டுக்கு என்று சொல்லிவிட்டே உட்கார், தப்பில்லை. ப்ரோகிராம் எழுதப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு கட்டை அடுக்காதே.

உனக்கு இதில் மற்றவர்களைவிடக் கூடுதலாக ஒரு கணக்கு இருக்கிறது, அதை மழுப்பாமல் சொல்கிறேன். காது கேட்கிறவன் திரையைப் பார்த்துக்கொண்டே அடுப்படியில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். அவனுடைய கண் திரைக்குப் போனாலும் காது வாசலில் காவல் நிற்கும். அப்படி இருந்தும் நான் எதையும் தெரிந்துகொள்ளவில்லை. உனக்குக் கண்தான் காது. நீ ஒரு திரையில் கண்ணைக் கொடுத்தால், கூடவே காதையும் கொடுக்கிறாய். எதிரே உன் மனைவி நிற்கலாம், பிள்ளை நிற்கலாம், பின்னால் லாரி வரலாம். அதனால் நீ கொடுக்கும்போது தெரிந்து கொடு, கொடுத்ததை நேரத்தோடு திருப்பி வாங்கு. மெஷினே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. நாளைக்கு உன் காதுக்கு ஏதாவது வழி இருந்தால் அதுவும் ஒரு மெஷினாகத்தான் இருக்கும். சட்டைப் பையில் ஒரு பெட்டி, அதிலிருந்து ஒயர், காதில் ஒரு குமிழ். அதை நீ காலையில் எதற்காக மாட்டுகிறாய் என்று ஒரு நாளும் யோசிக்க வேண்டியிருக்காது. எல்லா மெஷினையும் அந்த மாதிரி வைத்துக்கொள். இன்னொன்று. யாராவது உன்னிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினால், எதையாவது பார்த்துக்கொண்டே பேசினால், கூச்சப்படாமல் நிறுத்தி, திரும்பிப் பேசச் சொல். அது நானாக இருந்தாலும்.

சங்கு ஊதிவிட்டது. மீதியை அவள் வந்த பிறகு எழுதுகிறேன்.

மணி ஆறு. உன் அம்மா நாலு மணிக்கு வந்தாள். தலையில் பஞ்சு. நான் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்ததைக் கண்டு படியிலேயே நின்றுவிட்டாள். கரண்ட் போய்விட்டதா என்று புருவத்தால் கேட்டாள். இருக்கிறது என்றேன். காலையிலிருந்து மனசுக்குள் ஒழுங்குபடுத்தி வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. "பயலுக்குக் காது கேக்கல" என்று மட்டும் சொன்னேன்.

அவள் அழவில்லை. உன் பாய் ஓரத்தில் உட்கார்ந்து உன் காலைத் தடவிக்கொடுத்தாள்.

"தெரியும்."

எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

"ஆனி மாசத்துலருந்து. செவுத்தப் பாத்துப் படுத்திருந்தான். பின்னால நின்னு கூப்பிட்டேன், அசையல. மில்லுக்குப் போயிப் போயி என் கொரலுதான் செத்துப்போச்சோன்னு நெனச்சேன். அக்கா தட்டப் போட்ட பொறவு நிச்சயமாயிருச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேன். ரெண்டு தடவ சொன்னேன்."

"எப்ப?"

"நீங்க அந்தப் பெட்டியப் பாத்துக்கிட்டு இருந்திய. பக்கத்துல வந்து நின்னு சொன்னேன். 'ம்'னு சொன்னிய. நாலு நா கழிச்சு இன்னொரு தடவ சொன்னேன். அதுக்கும் 'ம்'ன்னிய. யோசிக்கிதிய போல, ஒரு முடிவு சொல்லுவியன்னு காத்துக்கிட்டு இருந்தேன்."

எனக்கு அந்த இரண்டு தடவையும் ஞாபகம் இல்லை. எவ்வளவோ யோசித்துப் பார்த்துவிட்டேன், இல்லை. என் இரண்டு காதும் நன்றாக இருக்கின்றன. காலையில் உன்னைப் பதினொரு தடவை கூப்பிட்டு, நீ திரும்பாததை எண்ணிக்கொண்டிருந்தவன் நான். என்னை இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். நான் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

அவளே எழுந்து வந்து, பழையபடி எதிரே நின்றாள். "இனிமே மூஞ்சியப் பாத்துப் பேசுங்க. அவங்கிட்டயும், எங்கிட்டயும்" என்றாள். அப்போதுதான் நீ விழித்தாய். எங்கள் இருவரின் வாயையும் மாறி மாறிப் பார்த்தாய். பிறகு விரல்களைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோனாய். அவள் சாப்பாடு எடுக்கப் போனாள்.

இனி நான் செய்ய வேண்டியவை:

1. நாளைக் காலை முதல் பஸ்ஸில் மூவரும் மதுரை. மில்லுக்கு லீவு சொல்லியாகிவிட்டது, இருவருக்கும்.

2. போகிற வழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி உன் பெரியம்மாவிடம் அந்த டாக்டரின் பெயரைக் கேட்க வேண்டும். போன வாரமே சொல்ல வந்தாள், நான் கேட்டுக்கொள்ளவில்லை. திரும்பும்போது அவள் வீட்டில் சாப்பிட வேண்டும். மன்னிப்புக் கேட்க எனக்கு வராது. இரண்டாவது தடவையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட வரும்.

3. காதுக்கு மெஷின் என்று சொன்னால், எந்த மெஷின், எத்தனை நேரம், எப்படிச் சுத்தம் செய்வது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நாலாவது வாக்கியத்துக்கும் நிற்க வேண்டும். உன் சட்டைகளுக்குப் பை தைப்பது அம்மா வேலை. ஒயரும் பேட்டரியும் என் வேலை.

4. கம்ப்யூட்டர் மேஜை சுவரைப் பார்த்து இருக்கிறது, உட்கார்ந்தால் வீட்டுக்கு என் முதுகு. திருப்பிப் போட வேண்டும், வாசலும் அடுப்படியும் எனக்கு எதிரே தெரிகிற மாதிரி.

5. விளையாட்டை அழிக்க வேண்டும். பிளாப்பியையும் நண்பனிடம் கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி ஏற்றிவிடுவேன்.

6. சவுண்ட் கார்டைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது, விலைக்குக் கேட்க வேண்டும். மைக்கில் நீ சத்தம் கொடுத்தால் திரையில் ஒரு கம்பம் உயர வேண்டும், பெரிய சத்தத்துக்குப் பெரிய கம்பம். உன் குரலை நீ கண்ணால் பார்க்கலாம். இரண்டு வாரத்தில் எழுதிவிடுவேன். எழுதிய பிறகு, உன்னோடு உட்காரும் நேரத்துக்கு மட்டும் ஆன் செய்ய வேண்டும்.

7. உன் அம்மாவிடம் மில் சாடை முழுவதையும் கற்றுக்கொள்ள வேண்டும். சாடையோடு குரலும் சேர்த்துப் பேசும்படி அவளிடம் கேட்க வேண்டும். கத்தக் கூடாது. கேட்க வேண்டும்.

8. அடுப்படி வாசலில் உன் அம்மா நின்று ஏதோ சொல்கிறாள் போலிருக்கிறது. சத்தம் வரவில்லை. ம் சொல்லக் கூடாது. பேனாவை மூடிவிட்டுத் திரும்ப வேண்டும்.